பாலத்தடிச் சோதனை

சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு ஏற்றிச் சென்று, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவள் வேலை. எல்லாருக்கும் அவள் வேன் அக்கா. அவள் அப்பா வயதிலிருந்த தையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "வண்டியில ஏறிட்டா ஓட்டுறவங்கதான் பெரியவங்க" என்பார். அவருக்குக் கால்கள் நிற்காது. வேனின் பின்கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினால் ஓர் இரும்புப் பலகை இறங்கும். அதில் அவருடைய சக்கர நாற்காலியை நிறுத்தி, மேலே தூக்கி, தரையிலிருக்கும் கொக்கிகளில் மாட்டிவிட வேண்டும். மாட்டும்போதெல்லாம், "இறுக்கிப் பிடிம்மா, நான் எங்கயாவது ஓடிப்போயிடுவேன்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது கணவன். அவன் போக்குவரத்துக் காவலன். கல்யாணமான புதிதில், காவலர் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த பொட்டலில் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு பழக்கினான். கிளட்ச்சைச் சட்டென்று விட்டு வண்டி துள்ளி நின்றபோதெல்லாம் அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவன்மேல் அவளுக்குப் பிரியம் கூடியது. சாலை விதிகளோடு வேறொன்றும் சொல்லித் தந்தான். போலீஸ் கை காட்டினால் ஓரங்கட்டு, லைசென்ஸைக் காட்டு, என்ன குற்றம் என்று கேள், எழுதித் தந்தால் வாங்கிக்கொள். ஆனால் சாவியை உருவும் உரிமை எங்களில் யாருக்கும் கிடையாது என்றான். தன் வேலை எதுவரைக்கும் என்று தெரிந்தவன் என்ற பெருமை அவன் குரலில் இருந்தது.

ஊரை ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. நோயாளிகள் பெரும்பாலும் இந்தக் கரை, மெஷின்கள் அந்தக் கரை. நடுவில் ஒரே பாலம். பாலத்தடியில் போலீஸ் தடுப்பு. கணவனுக்கு அங்கேதான் பணி. அவள் வேன் கடக்கும்போது அவன் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்துவான். அவள் ஹெட்லைட்டை ஒரு தரம் சிமிட்டுவாள். வீட்டில் பேசிக்கொள்ளாத நாட்களிலும் இது தவறியதில்லை.

பிறகு தடுப்புக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர், துடிப்பானவர், பிடித்த வண்டிகளின் எண்ணிக்கையைத் தினமும் மேலே சொல்ல வேண்டிய நெருக்கடியில் இருந்தவர். ஒரு காலை நேரம் அவரே நடுச்சாலைக்கு வந்து வேனை மறித்தார். தையல்காரரும் வேறு இரண்டு நோயாளிகளும் உள்ளே இருந்தார்கள். அவள் ஓரங்கட்டினாள். லைசென்ஸும் வண்டியின் பதிவுப் புத்தகமும் காட்டினாள். அவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த இரும்புப் பலகை அனுமதியில்லாமல் பொருத்தியது என்றார். பதிவிலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது, இரண்டாம் பக்கம் பாருங்கள் என்றாள். அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டார்.

"சார், சாவியை நீங்க எடுக்கக் கூடாது. குற்றம் இருந்தா எழுதிக் கொடுங்க, வாங்கிக்கறேன்."

"சட்டம் பேசுறீங்களா? அப்ப இருங்க. நானும் சட்டப்படியே பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நிழலில் போட்டிருந்த நாற்காலிக்குப் போனார்.

ஏசி நின்றது. பின்ஜன்னல்கள் சாவி இருந்தால்தான் இறங்கும். மற்ற இரண்டு நோயாளிகளைப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கைத்தாங்கலாக இறக்கி மரத்தடியில் உட்காரவைத்தாள். தையல்காரரை இறக்க வழியில்லை. மடித்து நிறுத்திய பலகை பின்வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் சாவி இல்லாமல் அசையாது. அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "நேரமாயிடுச்சேம்மா" என்றார். அன்றைக்கு வேறெதுவும் சொல்லவில்லை. நிலையத்தில் ஒரு குழு எழுந்ததும் அடுத்த குழு உட்கார்ந்துவிடும். தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான்.

கணவன் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியும். சாவி வெளியே வந்த நொடியில் அவர்கள் கண்கள் சந்தித்தன. அவள் காத்திருந்தாள். அவன் திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டிகளுக்குக் கை காட்டத் தொடங்கினான். அங்கே நிற்பவர் என் வீட்டுக்காரர் என்று அதிகாரியிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அவன் மாட்டுவான். சொல்லாவிட்டால் தையல்காரர் வெந்துபோவார். கதவைத் திறந்து வைத்து, நோயாளிகள் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டரின் அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டே நின்றாள்.

அதிகாரிக்கு அலுத்த பிறகு சாவி திரும்ப வந்தது. நிலையத்தில் தையல்காரருக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. இரண்டு நாளில் அவருக்கு மூச்சு முட்டி, முகம் உப்பி, அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி வந்தவரின் சட்டைகள் தோளிலிருந்து தொங்கின.

வீட்டில் அவளும் கணவனும் அதைப் பற்றிப் பேசச் சில நாளாயிற்று. அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். "நான் வாயைத் திறந்திருந்தா உன் வேனை அன்னிக்கே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாரு."

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் சொன்னேன்."

"சொல்லிக்கொடுத்தது சரிதான்." பிரஷை அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். "அது நடக்கிற இடத்துல நானே நிக்க வேண்டிவரும்னு நினைக்கலை."

தையல்காரர் புகார் கொடுத்தார். மகள் வேண்டாமென்று கெஞ்சியும் கேட்கவில்லை. பொத்தானுக்குக் காஜா எடுக்காமல் ஒரு சட்டையைக்கூட நான் கொடுத்ததில்லை, இதை மட்டும் பாதியில் விடுவேனா என்றாராம். சாட்சியாக வேன் அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தார். அதே வாரம் அதிகாரியின் தரப்புக்குச் சாட்சியாகக் கணவனின் பெயரும் போனது. ஓட்டுநர் சாவியைத் தானாகவே கொடுத்தார் என்று அவன் சொல்ல வேண்டுமாம். அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

அப்படி ஒரு பொய்யை என்னால் சொல்ல முடியாது என்றான். உண்மையைச் சொன்னால் அந்தத் தடுப்பில் ஒருவனும் என்னோடு டீ குடிக்க மாட்டான் என்றான். கடைசியில், வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். இருப்பதிலேயே மலிவான பொய் அது. சொல்லாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லுங்கள் என்றும் வரவில்லை.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. விசாரித்தவர் கண்ணாடி போட்ட ஒரு மேலதிகாரி, அவசரமில்லாத பெண்மணி. சாவி எப்படிப் போனது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜன்னல், கை, சாவி, நிழலிலிருந்த நாற்காலி, எல்லாவற்றையும். அவர் எழுதி முடித்துவிட்டு, அங்கே பணியிலிருந்த காவலர்கள் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். கணவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய முறை அடுத்தது.

அவள் மூடிய கதவை ஒரு தரம் பார்த்தாள். "ஒருத்தரோட முகம் என் பக்கம் இருந்துச்சு மேடம். பார்த்தாரான்னு அவரைத்தான் கேக்கணும்."

மேலதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்து உள்ளே போன கணவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. வெளியே வந்தவன் சட்டையின் முதுகு ஈரமாயிருந்தது.

புகார் நிரூபணமானது என்று ஒருநாள் செய்தி வந்தது. அதிகாரிக்கு எச்சரிக்கை. இனி எந்த வண்டியின் சாவியையும் எடுக்கக் கூடாது என்று தடுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார்களாம். தையல்காரர் வேனில் கைதட்டினார். அவளும் சிரித்தாள். அந்த மகிழ்ச்சி பாலத்தடிவரைதான் இருந்தது.

அவர்கள் கணவன் மனைவி என்பது விசாரணையில் அதிகாரிக்குத் தெரிந்துபோயிருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. கணவனைக் கூப்பிட்டு, அந்த வேனை நிறுத்திச் சட்டப்படி முழுச் சோதனை செய்யச் சொன்னார். மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும். சோதனை போட அவருக்கு உரிமை உண்டு. என்ன குற்றம் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. குற்றமில்லை, வழக்கமான சோதனைதான் என்று பதில் வரும். எல்லாமே விதிப்படி.

முதல் நாள் கணவன் ஜன்னலருகே வந்து நின்றபோது எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "லைசென்ஸ் காட்டுங்கம்மா" என்றான். காலையில் அவள் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன். அவள் கொடுத்தாள். அவன் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தான். அப்படிச் செய்ய வேண்டும் என்று விதி. டயர்களைத் தட்டினான், முதலுதவிப் பெட்டியைத் திறந்து எண்ணினான், பலகையை இறக்கி ஏற்றச் சொன்னான். இப்போதெல்லாம் யாரும் புருவம் உயர்த்துவதில்லை, யாரும் விளக்கைச் சிமிட்டுவதுமில்லை. எல்லாரையும் இன்னும் முன்னதாகவே ஏற்றிக்கொள்ளத் தொடங்கினாள். நோயாளிகள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஒருநாள் நினைத்தாள். பலகையையும் கொக்கிகளையும் வேறு யார் பழகுவது? கணவன் இடமாற்றம் கேட்க நினைத்தான். கேட்டால் அது அதே அதிகாரியின் மேசை வழியாகத்தான் போக வேண்டும். வேறு பாலமும் இல்லை. ஒரு தடவை தையல்காரர் பின்னாலிருந்து மெதுவாக, "நான் புகார் கொடுத்திருக்கக் கூடாதோ அக்கா" என்று கேட்டார். கொடுத்தது சரிதான் என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதனால் வண்டி ஒன்றும் சீக்கிரம் நகரவில்லை.

மழை பெய்த ஒரு வாரத்தில், பின்விளக்கு ஒன்று நிஜமாகவே எரியவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற கணவன் எரியாத விளக்கை விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். குடைக்கடியில் நாற்காலியிலிருந்து அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் முன்னால் வந்து, நனைந்த விரல்களால் குற்றச்சீட்டை எழுதினான். அவள் என்ன குற்றம் என்று கேட்டாள். இடப்பக்கப் பின்விளக்கு என்றான். கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அவன் புது பல்பு வாங்கி வந்திருந்தான். வேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அவனே மாட்டினான். அவள் திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். பிறகு ஏறிப் பிரேக்கை மிதித்தாள்.

"எரியுதா?"

"எரியுது" என்றான். "நாளைக்கு வைப்பரையும் பார்க்கச் சொல்லுவாரு. இப்பவே பாத்துடலாமா?" என்று கேட்டான்.

அவள் சாவியைத் திருப்பி வைப்பரைப் போட்டாள். மழை நின்று காய்ந்திருந்த கண்ணாடியில் அது கீச்சிட்டபடி போய்ப் போய் வந்தது.