அளவுக்கு மீறிய கரும்பொருள்

வானாய்வுக் கூடத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பால் புதுசுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டாள்.

வானம் முழுவதையும் படம்பிடிக்கும் ஆய்வு ஒன்றில் மங்கலான குறு விண்மீன் மண்டலம் ஒன்று சிக்கியது. பக்கத்து மேசைக்காரர் அதன் நட்சத்திரங்களின் வேகத்தை அளந்தார். அவை ஓடிய ஓட்டத்துக்கு எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் கோளமாகச் சூழ்ந்து இழுத்துப் பிடித்திருந்தால்தான் அவை ஒன்றாக நிற்க முடியும். அவர் கணக்குப்படி, அத்தனை சிறிய மண்டலத்தில் யாரும் கண்டிராத கனம் அந்தக் கோளத்துக்கு. தலைவர் கைகுலுக்கினார். துருவிக்கு மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது.

அவள் அறைக்குள் வந்தாலே அவர் கணினித் திரையைச் சட்டென்று மாற்றினார். போதாததற்குச் சில நட்சத்திரங்களைக் கணக்கிலிருந்து நீக்கியும் இருந்தார்.

"அதுங்களை ஏன் விட்டீங்க?"

"அதெல்லாம் வழியில குறுக்க நிக்கிறது. அந்த மண்டலத்தைச் சேர்ந்ததே இல்ல. நம்பிக்கை இல்லேன்னா பாத்துக்கோங்க."

பார்த்தாள். சொன்னது சரியாகவே இருந்தது. சந்தேகம் இன்னும் கூடியது.

"யாரோ ஏமாத்துறாங்கன்னே வச்சுக்கோ. அது அவராத்தான் இருக்கணுமா?" என்றான் கணவன், துணி மடித்துக்கொண்டே.

அது அவளை யோசிக்க வைத்தது. நட்சத்திரங்களே ஏமாற்றினால்? மறு ஆண்டின் அளவுகள் வந்ததும், அவர் கணக்கில் சேர்த்திருந்த நட்சத்திரங்களை மறுபடி பார்த்தாள். சிலவற்றின் வேகம் மாறியிருந்தது. பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் சுழற்றிவிட்டாலொழிய அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஜோடியாகச் சுற்றியவைதான் வேகத்தை ஊதிக் காட்டியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டதும் கோளம் சாதாரணக் கனத்துக்கு இறங்கியது.

அவரிடம் காட்டினாள். அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இத நம்பித்தான் வேற இடத்துல வேலைக்கு மனு போட்டிருக்கேன். தலைவர் காதுக்குப் போயிடக் கூடாதேன்னுதான் திரைய மறைச்சேன்."

அவளுக்கு முகம் சுருங்கியது. திருடனைப் பார்ப்பது போல அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம்," என்றாள்.

"எழுதலாம். ஆனா உங்க கணக்கை நான் முழுசா பாக்கணும்."

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் கணக்கை வரிவரியாக அலசினார். ஒரு நட்சத்திரத்தை ஜோடி என்று அவள் தவறாக ஒதுக்கியிருந்தாள். பழி தீர்க்கிறாரோ என்று அதையும் சரிபார்த்தாள். அவர் சொன்னதுதான் சரி. சேர்த்ததும் கோளம் கொஞ்சம் கனத்தது.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதில் கொஞ்ச நாள் இழுபறி. கடைசியில் அவர் பெயரே முதலில் வந்தது. தானாகவே விட்டுக்கொடுத்ததாகக் கணவனிடம் சொன்னாள்.

அவன் நம்பவில்லை.