வர்றேங்க

தண்ணீர் வராத ஒரு போர்வெல் குழியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் கழுவிய வாளிகளோடு உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் அது. போர்வெல் லாரி வேலைக்காகக் காரிமங்கலத்திலிருந்து போயிருந்தேன். அறுநூறு அடி துளை ஓட்டினாலும் தண்ணீருக்குப் பதில் மண் புகை பறக்கிற பூமியில் பிறந்தவன், வறட்சி எனக்கென்ன புதிதா என்ற மிதப்போடுதான் போனேன். முதல் நாளே அந்த மிதப்பு போயிற்று. ஆற்று மணலைக் கையால் தோண்டி, மாடு குடிக்கும் கலங்கலையே மனிதரும் மொண்டார்கள். மக்காச்சோளம் தீர்ந்துபோயிருந்த மாதம் வேறு. அப்படியும் ஊர்த் தலைவியம்மா எங்கள் நாலு பேருக்கும் களி கிண்டி வைத்தார். அச்சு அசல் நம் களிதான், நிறம் மட்டும் வெள்ளை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு நாள் ஓட்டியும் வெறும் புகைதான். அடுத்த ஊருக்குக் கிளம்பினோம். சாப்பாடு போட்ட வீட்டில் "போறேன்" என்று சொல்ல நம் ஊர்க்காரனுக்கு நாக்கு எழுமா? கற்றுவைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றை எடுத்து, அவர்கள் மொழியில் "வர்றேங்க" என்று கும்பிட்டேன். தலைவியம்மா மெல்லக் கைதட்டினார். அங்கே நன்றி சொல்வது அப்படித்தான்.

ஐந்தாம் நாள் அதே வழியாகத் திரும்பும்போதுதான் அந்த வாளிகளைப் பார்த்தேன். எங்கள் உள்ளூர் டிரைவர் இறங்கி விசாரித்துவிட்டு வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த மொழியில் "வருகிறேன்" என்று சொல்லிப் போனால், இதோ திரும்பி வந்துவிடுவேன் என்றே பொருளாம். அன்றிலிருந்து முறைபோட்டுக் காத்திருக்கிறார்கள். அட கடவுளே! வெட்கத்தில் லாரிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"தெரியாத பாஷைல எதுக்குய்யா வாக்குக் குடுத்த?" என்று கத்தினார் எங்கள் மேனேஜர். அவர் சேலத்துக்காரர்.

"சொல்லிட்டேனுங்க. இன்னொரு எடத்துல பாயிண்ட் போட்டுப் பாத்துரலாங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். முனகிக்கொண்டே சம்மதித்தார்.

கீழ்ப்புறப் பள்ளத்தில் ஓட்டினோம். உச்சி வெயிலில் புகை ஈரமானது, சேறு கக்கியது, பிறகு தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. மேனேஜர் நனைந்தபடி அழுதார். நானும்தான். தலைவியம்மா மட்டும் நிதானமாக வாளியை நகர்த்தி வைத்தார். ஆச்சரியமாக இல்லையா என்று டிரைவர் கேட்டதற்கு, "வர்றேன்னாரு, வந்தாரு. இதுல என்ன ஆச்சரியம்?" என்றாராம். எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். எங்கும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அந்த அம்மா அதை வேதமாக எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஏரியூரிலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்தவன் நான். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"நெசமா வர்றியா, இல்ல சும்மா வர்றேங்கறியா?" என்று கேட்டாள்.