போன் தின்ன அலமாரி

கையில வெச்சு விளையாடுற கேம் செட்ட விக்கிறவன் கடைக்கு வர்ற கஸ்டமர் செய்யுற மொத வேல சாமான் வாங்குறது இல்ல, "இதெல்லாம் போன்லயே இருக்கே லா"ன்னு சொல்றதுதான்.

கேமரா வித்தவங்க, அலாரம் கடிகாரம் வித்தவங்க, ரோட்டு மேப் வித்தவங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் வரேன். பிரிக்பீல்ட்ஸ்ல சேலக் கடைக்கும் வாழ இல சாப்பாட்டுக் கடைக்கும் நடுவுல என் கட. உள்ள ஒரு கண்ணாடி அலமாரி, நாலு தட்டு. ஒரு காலத்துல நாலுலயும் கேம் செட்டுதான். என் கூட்டாளி தினேஷ், என் பொண்டாட்டியோட தம்பி. அவன் ஒரு சட்டம் போட்டான்: "மாமா, எந்தத் தட்டுல ஒரு மாசம் சாமான் நகரலையோ, அந்தத் தட்டுல போன் கவர்." கீழ ரெண்டு தட்டு அப்படியே போச்சு. மேல ரெண்டும் போனா, நான் காலம் பூரா போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். நான் ஒட்டுனா உள்ள காத்துக் குமிழி மீன் தொட்டி மாதிரி நிக்கும். அதுக்கும் ஆளுங்க என்னத்தான் திட்டுவாங்க.

ஏர்கான் மாப்பிள்ள

ஒரு நாள் மத்தியானம், வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. டை கட்டுன ஒருத்தரு உள்ள வந்தாரு. ஏர்கானுக்கு நேரா நின்னாரு, கஸ்டமர் ஆடிப் பாக்க வெச்சிருந்த செட்டக் கையில எடுத்தாரு. அவ்வளவுதான்! தோள் சாயுது, நாக்கு வெளிய வருது, "போ, போ, போடா"ன்னு திரைக்குள்ள இருக்கிறவனத் திட்டுறாரு. அர மணி நேரம். நான் ஸ்டூல் போட்டேன், தண்ணி குடுத்தேன், இன்னும் கொஞ்சம் விட்டா பொண்ணே குடுத்திருப்பேன்.

மூணு தடவ ஜெயிச்சாரு. சட்டையும் காஞ்சிருச்சு. "வாங்குறாரு"ன்னு நான் தினேஷுக்குக் கண்ணக் காட்டுறேன். மனுஷன் செட்டத் தடவி, புள்ளையத் தொட்டில்ல போடுற மாதிரி அலுங்காம வெச்சாரு. தன் போன எடுத்து வீட்டுக்குக் காரு புக் பண்ணாரு. அப்புறம் என்னைப் பாத்து ரொம்ப வருத்தமா சொன்னாரு: "சாமான் சூப்பர் பாஸ், ஆனா இதுல காரு கூப்பிட முடியாதே லா."

சூசை அங்கிளோட கை

அந்த மாசம் மூணாவது தட்டுல நகந்தது ஒரே ஒரு செட்டு. வாங்குனவரு சூசை அங்கிள், ரயில்வேல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போவாரு, தடவைக்கு நாலு மணி நேரம் படுத்தே கிடக்கணும். "பொழுது போகல தம்பி"ன்னாரு. நான் வாயாலயே சண்ட சத்தம், கார் ரேஸ் சத்தம் எல்லாம் போட்டுக் காட்டி வித்துட்டேன். கேக்க வேண்டிய ஒண்ண மட்டும் கேக்கல.

மூணாம் நாளு பையோட வந்தாரு. இடது கையில ஊசி குத்தியிருப்பாங்களாம், அத அசைக்கக் கூடாதாம். ஒத்தக் கையால இவரு பட்டன அமுக்க, செட்டு வயித்துல உருண்டு விழுந்திருக்கு. புடிக்கப் போயி அந்தக் கை ஆட, மெஷினு 'கீ கீ'ன்னு கத்த, நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து "அங்கிள், இது ஆஸ்பத்திரியா, கேம் கடையா"ன்னு கத்துனாங்களாம். அத அவரு அந்த மிஸ்ஸி மாதிரியே இடுப்புல கை வெச்சு செஞ்சு காட்டுனாரு. என்னை விட நல்லா செஞ்சாரு, பொறாமையா இருந்துச்சு.

செட்டத் திரும்ப வாங்கிக்கிட்டேன். போன நிமித்தி வெக்கிற ஸ்டாண்டு ஒண்ணு குடுத்து, அவரு போன்லயே ஒத்த விரலால ஆடுற மீன் புடிக்கிற ஆட்டம் போட்டுக் குடுத்தேன். தினேஷ் பக்கத்துல நின்னு சிரிக்கிறான், மூணாவது தட்டு அவனுக்குன்னு தெரிஞ்சிருச்சு. என் மூஞ்சியப் பாத்துட்டு அங்கிள் தோள்ல தட்டுனாரு: "உன் சாமான் நல்ல சாமான்தான் தம்பி, என் கைதான் ஒண்ணு வேற வேலையில இருக்கு."

பச்சப் புள்ளி

மிச்சம் மேல் தட்டு ஒண்ணுதான், அதுலயும் ஒரு மாசமா ஒண்ணும் நகரல. அதையும் கழட்டிட்டுப் புதுசா போன் கவர் மாட்டுற பலக அடிக்க, சனிக்கிழம தச்சர வரச் சொல்லிட்டான் தினேஷ். வெள்ளிக்கிழம காலையில சேகர் அண்ணே வந்தாரு. கிள்ளான் துறைமுகத்துல கண்டேனர் லோரி ஓட்டுறவரு, அன்னிக்கு லீவு. துணிப் பையத் தொறந்து மேசையில கொட்டுனாரு, ஆறு பழைய கேம் செட்டு. எல்லாத்துலயும் இடது பட்டன் ரோசாக், அமுக்குனா வேல செய்யல. துறைமுகத்து வாசல்ல மணிக்கணக்கா லோரி வரிசையில நிக்கும், அந்த வரிசையில பக்கத்துல நிக்கிறவங்களோடதையும் மொதல்ல சேத்துக் கொண்டாந்துட்டாராம், இன்னும் நெறைய பேருகிட்ட இருக்காம்.

"ஏண்ணே, போன்லயே ஆடலாமே?"ன்னு கேட்டேன். என் வாயால அதக் கேக்க எனக்கே நாக்கு கூசுது. அவரு போன நீட்டி, அவரு மொதலாளி தவுக்கே குரல்ல பேசுனாரு: "சேகர், போன்ல உன் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரியுது, சும்மாதானே இருக்க? இன்னொரு டிரிப் போ!" அப்புறம் சொந்தக் குரல்ல, ஒரு செட்டத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "போன் என் கையில இருந்தாலும் அது தவுக்கேவோடது தம்பி, இதுதான் என்னோடது."

பாலத்து மேல தினேஷ்

சனிக்கிழம காலையில ஆறுக்கும் பட்டன் மாத்தி முடிச்சேன். குடுக்குறதுக்கு முன்னாடி ஆடிப் பாக்கணும், அதான் எங்க வழக்கம். தச்சர் வர்ற வரைக்கும் சும்மா நிக்கிறானேன்னு ஒண்ண தினேஷ் கையில குடுத்தேன். சத்தியமா வேற எண்ணம் இல்ல. (கொஞ்சம் இருந்துச்சு.)

கவுந்து கிடந்த அவன் போனு 'ர்ர்ர்'ன்னு கண்ணாடி மேல நகருது. அஞ்சு தடவ. அவன் நிமிரவே இல்ல. அப்புறம் என் போனுக்கு வந்தாரு தச்சரு. பார்க்கிங் தேடி நாலு சுத்து சுத்தியும் இடம் கிடைக்கலயாம், எங்க விடுறதுன்னு கேக்க தினேஷக் கூப்பிட்டா எடுக்கலயாம், கோவத்துல சுபாங் ஜெயாவுல இருக்கிற வேற வேலைக்குப் போயிட்டாராம். அதத் தினேஷ்கிட்ட தச்சர் குரல்லயே சொன்னேன். "அவங்க லோரி வரிசையில இன்னும் எத்தன பேருகிட்ட ரோசாக் செட்டு இருக்காம்?"னு கேட்டான், கண்ணு திரையிலயே இருக்கு. "நெறைய"ன்னேன். நாக்க வெளிய நீட்டிக்கிட்டே சொன்னான்: "அப்ப மேல் தட்டுல ரிப்பேர்னு போர்டு மாட்டுங்க மாமா, இப்ப பேசாதீங்க, நான் பாலத்து மேல நிக்கிறேன்."

போன் உன் தொழில சாப்பிட்டுருமான்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: மூணு தட்டச் சாப்பிட்டுச்சு, இன்னும் இலைய மூடல, நாலாவத நான் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.