மேஸ்திரி கட்டிய குரல்

அலுவலகத்தில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். செங்கல்லையோ சிமெண்டையோ அவர் தொட்டதில்லை. வரைபடம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆனால் எந்த மென்பொருளையும் கிடைக்கிறபடி அப்படியே எடுத்துப் போட மாட்டார். யாரோ புண்ணியவான் இலவசமாக வெளியிட்ட சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, இறக்கி, எது வேண்டும் எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றித் தரும் கம்பைலரிடம் கொடுத்து, தன் கண்ணெதிரே கட்டி முடித்தால்தான் அவருக்குத் திருப்தி. "ரெடிமேடா இருக்கே சார், ஒரு க்ளிக்தானே?" என்று யாராவது கேட்டால் போச்சு, அரை மணி நேரம் பிரசங்கம் நடக்கும். மனுஷர் தங்கம். வாயைக் கிளறாமல் விட்டால் சொக்கத் தங்கம்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். வாய் என்றால் அதுதான் வாய். நீங்கள் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லி, நீங்கள் உட்பட எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார். ஏழு மாதத்துக்கு முன் தொண்டையில் ஒரு கட்டி, அவசரமாக ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது.

மேஸ்திரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மனைவியின் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "டைப் பண்ணினா பேசுற மாதிரி ஒண்ணு இருக்கு. சோர்ஸ் கிடைக்குது" என்றார். அதைவிடப் பெரிய காதல் வசனம் அவரிடம் கிடையாது. டீச்சருக்கும் அது தெரியும். அழுதுகொண்டே தலையாட்டினார்.

வீட்டு லேப்டாப்போ பத்து வருஷப் பழசு. அதிலிருந்த கம்பைலருக்கு இந்தப் புது நிரல் பிடிபடவில்லை. எனவே முதலில் ஒரு புதுக் கம்பைலரைக் கட்டினார். அதற்கே இரண்டு நாள். பிறகு அதை வைத்துக் குரலைக் கட்டினார். பேசியது. ஆனால் தட்டி முடித்து மூன்று விநாடி கழித்துத்தான் பேசியது.

மூன்று விநாடி ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் டீச்சரோடு ஒரு வேளை சாப்பிட்டிருக்க வேண்டும். மகள் ஏதோ சொல்வாள். டீச்சர் பதிலைத் தட்டுவார். குரல் வருவதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்து, யோசித்து, மரியாதைக்குச் சிரிப்பார்கள். அந்த மரியாதைச் சிரிப்பைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் லேப்டாப்பை மூடிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அன்று மேஸ்திரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கிடையில் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார்: புதன்கிழமை ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளால் தொடர முடிந்தால் பழைய வேலை, இல்லையென்றால் நூலகப் பொறுப்பு. நூலகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் டீச்சரைப் பேசாத இடத்தில் உட்கார வைப்பது அநியாயம்.

மேஸ்திரி அந்த மூன்று விநாடியை ஒழிக்க இறங்கினார். தேவையில்லாத மொழிகளை வெட்டினார், தேவையில்லாத குரல்களை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் அரை மணி நேரம், அலுவலக மெஷினில் இரண்டே நிமிஷம். அதனால் செவ்வாய் மதியம் அலுவலகத்திலேயே கட்டினார், வேகத்துக்காக 'நேட்டிவ்' என்று ஒரு சொல்லையும் சேர்த்து. கட்டுகிற மெஷினுக்கே அளவெடுத்துத் தைத்துக் கொடு என்று கம்பைலரிடம் சொல்வது அது. தட்டிய மறுகணமே குரல் வந்தது. மாலையில் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றி, பழையதை அழித்தார். ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்!

புதன்கிழமை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கதவோரம் நோட்டோடு தலைமையாசிரியை, கடைசி பெஞ்சில் மேஸ்திரி. டீச்சர் வணக்கம் தட்டினார். திரையில் ஒரு வரி வந்து நிரல் செத்தது. மறுபடி தட்டினார், மறுபடியும் செத்தது.

மேஸ்திரி ஓடிவந்து பார்த்தார். இந்த ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை என்றது அந்த வரி. தலையில் அடித்துக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததென்னவோ உண்மைதான், அளவு அலுவலக மெஷினுடையது.

"அரை மணி நேரம் குடு. இங்கேயே கட்டிடறேன்" என்றார்.

டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அதற்கு எந்த நிரலும் தேவைப்படவில்லை. பிறகு சாக்பீஸை எடுத்தார்.

மேஸ்திரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை நீக்கிக் கட்ட ஆரம்பித்தார். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. முன்னால் டீச்சர், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று வேண்டுமென்றே தப்பாக எழுதினார். "தப்பு டீச்சர்!" என்று வகுப்பு கத்தியது. ஒருவன் வந்து திருத்தினான். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஓரத்திலிருந்த ஒரு பெண் எழுந்திருக்கும் வரை.

"ஏன் டீச்சர் அப்படியே கூட்டக் கூடாது?"

ஏன் என்பதற்குப் பேச வேண்டும். டீச்சர் திரும்பி நின்று போர்டில் எழுத எழுத, முதுகுக்குப் பின்னால் சத்தம் கூடியது. தலைமையாசிரியை நோட்டில் ஏதோ குறித்தார். மேஸ்திரி போர்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கட்டி முடிந்தது. ஓடவிட்டுப் பார்த்தார், பேசியது. வெட்டியதெல்லாம் வீண்போகவில்லை, அந்தச் சொல் இல்லாமலே மூன்று விநாடி காணாமல் போயிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி மேஜையில் வைத்தார்.

டீச்சரின் விரல்கள் ஓடின. "நாலு பென்சிலும் மூணு ரப்பரும் சேர்ந்தா ஏழு பென்சிலா?"

"இல்லையே!"

"அப்போ முதல்ல ரெண்டையும் ஒரே இனமாக்கணும்."

"ஓ!" என்றாள் அந்தப் பெண். சத்தம் அடங்கியது. பெரிய பாரம் இறங்கிய மாதிரி மேஸ்திரி கடைசி பெஞ்சுக்குப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். உடனே குரல் வந்தது.

"கடைசி பெஞ்ச் பெரிய பையா! வகுப்பு நேரத்துல என்ன ஓட்டம்? எழுந்து நில்லு."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. யாரும் திரும்பிப் பார்த்து யோசிக்கவில்லை, யாரும் மரியாதைக்குச் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு முதல் பீரியட் நீங்கதான் டீச்சர்" என்றார்.

மேஸ்திரி எழுந்து நின்றார். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மணி அடித்து, பிள்ளைகளெல்லாம் வெளியே போன பிறகும் அவர் உட்காரவில்லை. டீச்சர் இன்னும் உட்காரச் சொல்லவில்லையே.