பியரா, இலையா: ஆம்ஸ்டர்டாமுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது

அன்று காலை லண்டன் விக்டோரியா கோச் நிலையத்தில் நின்றவர்கள் நாலு பேர்: நான், என் மனைவி ராணி, ராணியின் தமையன் செல்வம், ராணியின் தங்கை வசந்தி. அதில் பயணம் போனவர்கள் மூன்று பேர். ராணி வழியனுப்ப மட்டும் வந்தாள். 1996 மார்ச் 22, வெள்ளிக்கிழமை.

போன காரணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். வசந்திக்கு ஹொலண்டில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெடியன் பெயர் குகன், சாவகச்சேரிப் பக்கம், வயது முப்பத்திரண்டு. எட்டு வருடமாக ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறான். படம் வந்தது, சாதகமும் பொருந்தியது. அதற்குப் பிறகு அவனே ஒரு கடிதம் எழுதினான். தான் சமைக்கிற கடையின் முன்பக்கத்தில் கஞ்சா விற்கிறார்கள், அந்த ஊரில் அது நடக்கிற காரியம்தான், பின்னால் தெரிந்து குறைப்படாமல் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்று.

செல்வம் மச்சான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "முடிஞ்சுது கதை" என்றார். வசந்தியோ, "தானாச் சொன்ன மனுசனை நான் இப்பதான் காணுறன்" என்றாள். மூன்று கிழமை வீட்டில் இதே சண்டை. நேரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மச்சான் ஓம் என்றால் கலியாணம், இல்லையென்றால் இல்லை. துணைக்கு என்னைப் பிடித்தார்கள்.

வசந்தியும் வெளிக்கிட்டு நின்றதுதான் மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பிளை போய் மாப்பிள்ளை பாக்கிற வழக்கம் எங்கையடி இருக்கு?" என்று கேட்டார்.

"கட்டப்போறது நான். நீங்களோ அவரோட இருக்கப் போறியள்?" என்றாள் அவள். கோலியர்ஸ் வுட்டில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்கிறவள். தன் டிக்கெட் காசைத் தானே கட்டினாள். போய்வர ஆளுக்கு நாற்பத்திரண்டு பவுண்.

காலை 8.30. கோச் புறப்பட்டது. தேம்ஸ் ஆற்றைக் கடப்பதற்குள் என் பயணப் பத்திரத்தை நான் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். நான் இன்னும் அகதிப் பத்திரத்தில்தான் பயணம் செய்கிறவன். பிரஜாவுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பம் உள்துறையில் கிடந்தது. இந்த நேரத்தில் கஞ்சாக் கடைக்குப் போனவன் என்று எங்காவது என் பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். பின் இருக்கையில் நாலைந்து ஆங்கிலப் பெடியன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, "மாமா, நீங்களும் அதுக்குத்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மச்சான் திரும்பவேயில்லை. வசந்தி, "நாங்கள் சமையல்காரனைப் பார்க்கப் போகிறோம்" என்றாள். அவர்களுக்கு அது பெரிய பகிடியாகப் பட்டது.

11.00. டோவர். கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். தேநீர் தொண்ணூறு பென்ஸ், வாயில் வைக்க முடியவில்லை. மாட்டு நோய்ச் செய்தி வந்த கிழமை அது, பர்கர் விற்கிற இடத்தில் ஒரு ஈயும் இல்லை. கலேயில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் திருப்பினோம். பிறகு பிரான்ஸ், பெல்ஜியம். நாடு மாறுகிற இடத்தில் மறிக்க ஒருவரும் இல்லை, ஒரு பலகை மட்டும் நின்றது. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, ஏதோ பிழை நடக்கிறதோ என்றும் இருந்தது.

இரவு 8.40க்கு ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். குகன் வந்து நின்றான். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. மச்சான் கைகொடுக்கிற சாட்டில் அவன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார், பிறகு கண்ணை உற்றுப் பார்த்தார். "நித்திரை குறைவோ தம்பி?" என்று கேட்டார்.

"காலமை அஞ்சு மணிக்கு எழும்புறனான் அண்ணை. முட்டை எடுக்கப் போகவேணும்."

அவன் வீட்டில் தங்க மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சிறிய விடுதியில் இரண்டு அறை எடுத்தோம், இரவுக்கு நூற்றிருபது கில்டர். ஒரு பவுணுக்கு இரண்டரை கில்டர் கிடைத்த காலம்.

சனிக்கிழமை காலை 11.00. பதினொரு கில்டருக்கு நீளமான டிராம் சீட்டு ஒன்று வாங்கினால் மூன்று பேருக்கும் அதிலேயே முத்திரை குத்தலாம். டிராமை விட்டு இறங்கி இரண்டு வாய்க்கால் கடந்தோம். குகன் சமைக்கிற கடை வந்தது: பச்சைக் கதவு, ஜன்னலில் செடிச்சட்டிகள். நான் உள்ளே போகாமல் வெளியே நின்று நாலு பக்கமும் பார்த்தேன். எதிரே இரண்டு பொலிஸ்காரர் சைக்கிளில் வந்தார்கள். கதவுக்குள் எட்டி யாருக்கோ காலை வணக்கம் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

"அத்தான், வாங்கோ. உங்கை நிண்டாத்தான் பிடிப்பாங்கள்" என்று வசந்தி கூப்பிட்டாள்.

உள்ளே நான் பயந்ததுபோல் ஒன்றுமில்லை. ஒரு கிழவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டைகள் சதுரங்கம் விளையாடினார்கள். ஒரு பக்கம் பியர்க் குழாய், மறு பக்கம் ஒரு சின்ன மேசை. அந்த மேசையில்தான் விற்பனை. விளம்பரம் செய்யக் கூடாதாம், அதனால் விலைப்பட்டியலைக் கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். மணம் மட்டும் கனமாக இருந்தது. நான் கோட்டைக் கழற்றி, கொண்டுபோன பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினேன்.

குகன் குசினிக்குள் போய், பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்ட ஆம்லெட்டோடும் கட்டியான பட்டாணி சூப்போடும் வந்தான். மச்சான் கையை உயர்த்தி, "வேண்டாம் தம்பி, இப்பதான் சாப்பிட்டம்" என்றார். சுத்தப் பொய். சம்பந்தம் முடிவாகும் முன் மற்றப் பகுதியின் இடத்தில் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும். ஆனால் விடியற்காலையிலிருந்து இரண்டு துண்டு பாண் மட்டுமே தின்றவனுக்கு வெங்காய வாசனை வந்தால் என்ன செய்வது? சூப்பை இரண்டு வாய் குடித்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது.

"தம்பி, இதுக்குள்ள ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணை" என்றான் குகன்.

மேசைக்குக் கீழே மச்சானின் சப்பாத்து என் காலில் இடித்தது. "ஐசே, கையை நனைச்சிட்டீரே!" என்று பல்லைக் கடித்தார்.

"கரண்டியாலதானே மச்சான் குடிக்கிறன்" என்றேன். வசந்தி சிரித்த சிரிப்பில் கிழவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

12.15. கடைக்காரி வந்து எங்களோடு உட்கார்ந்தாள். மார்யா என்று பெயர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில். நல்ல ஆங்கிலம் பேசினாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கே விளங்கும்படி சொன்னாள். அந்த நாட்டுச் சட்டத்தில் கஞ்சா குற்றம்தான். ஆனால் கடைக்காரர் ஒழுங்காக நடந்தால் அரசாங்கம் பார்த்தும் பாராமல் விடும். முன்கதவால் விற்கலாம், பின்கதவால் கடைக்கு வாங்குவதற்கு அனுமதி இல்லை. "பிறகு எங்கேயிருந்து வருகிறதாம்?" என்று மச்சான் கேட்டார். "அதை ஒருவரும் கேட்பதில்லை" என்றாள்.

இப்போது காற்று மாறிவிட்டது என்றாள். எல்லையைத் திறந்துவிட்ட பிறகு பிரான்ஸ்காரருக்கு இவர்கள் மேல் கோபம், எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள் என்று. நாட்டின் புது அரசாங்கம் அவர்களுக்கு வளைந்துகொடுக்கிறது. முன்பு ஒருவருக்கு முப்பது கிராம் விற்கலாம், இனி ஐந்து மட்டும். அக்கம்பக்கத்துச் சனமும், சுற்றுலா என்று வருகிறவர்கள் வாசலில் கத்துகிறார்கள் என்று முறையிடுகிறார்களாம். இப்போது நகரசபை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. பியரும் கஞ்சா இலையும் ஒரே கடையில் கூடாது, இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

"எதை விடப் போறா?" என்று மச்சான் குகனிடம் தமிழில் கேட்டார். இலையை விட்டால் குகன் வெறும் பியர்க்கடைச் சமையல்காரன் ஆகிவிடுவான், சொந்தக்காரருக்குச் சொல்லவும் வெட்கமில்லை. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது.

"இன்னும் முடிவெடுக்கேல்லை அண்ணை."

"அரசாங்கம் இன்னும் இறுக்கினா? கடையைப் பூட்டச் சொன்னா?"

"அரசாங்கம் மாறினாலும் சனத்துக்குப் பசிக்கும்தானே. லண்டன் கோச் எத்தினை வருகுதெண்டு பாத்துத்தான் நான் வெள்ளிக்கிழமையில முட்டை வாங்கிறது. கோச் குறைஞ்சா முட்டை குறையும். வேற இடத்திலையும் பொரிக்கலாம்."

அப்போதுதான் மார்யா அந்தக் கடிதத்தை மச்சான் பக்கம் தள்ளினாள். "நீங்களும் கடைக்காரராம். குகன் சொன்னான். நீங்கள் என்றால் எதை வைப்பீர்கள்?"

மச்சானுக்கு லண்டன் ஸ்ட்ரெதத்தில் மூலைக்கடை. பாதிக் கடை பியரும் வைனும்தான். கேட்ட கேள்வி யாவாரக் கேள்வி. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பியரில் லாபம் எவ்வளவு, கிளாஸ் மாதத்துக்கு எத்தனை உடைகிறது, வெள்ளி இரவில் எத்தனை ஆள் நிறுத்துகிறீர்கள், காப்புறுதி என்ன என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். கடைசியாக, "சண்டைக்கு என்று பொலிஸ் எத்தனை தரம் வந்தது?" என்று கேட்டார்.

"போன வருடம் ஏழு தரம். எல்லாம் பியரால்."

"மற்றதால்?"

"ஒரு தரமும் இல்லை. அவர்கள் ஆம்லெட் கேட்பார்கள், பிறகு தூங்குவார்கள்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "என் கடை ஜன்னல் கண்ணாடி போன வருடம் இரண்டு தரம் உடைந்தது. இரண்டு தரமும் என்னிடம் பியர் வாங்கியவன்தான் உடைத்தான். பியரை விடுங்கள். இலையையும் குசினியையும் வையுங்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. குகன் தலையைக் குனிந்து மேசையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான். மார்யா கடிதத்தில் ஒரு கட்டத்துக்குள் பென்சிலால் புள்ளடி போட்டாள்.

"அண்ணை, நீங்களே சொல்லிட்டியள்" என்றாள் வசந்தி.

"நான் யாவாரம் சொன்னனான். கலியாணம் சொல்லேல்லை" என்று எழும்பிவிட்டார்.

பின்னேரம் நாங்கள் நாலு பேரும் வாய்க்கால் ஓரமாக நடந்தோம். வசந்தியும் குகனும் எங்களுக்கு இருபதடி முன்னால் போனார்கள், என்ன பேசினார்கள் என்று தெரியாது. மஞ்சள் வெயில், படகுகள், மணியடித்துக்கொண்டு சைக்கிள்கள். பயந்து பயந்து வந்தவனுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது, என்ன செய்ய.

ஞாயிறு காலை 9.00. கோச் புறப்பட்டது. மச்சான் ஜன்னல் ஓரம் இருந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வசந்தியும் முடிவைக் கேட்கவில்லை. பெல்ஜியம் முழுக்க நான்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் சனம் ஸ்ட்ரெதத்திலும் மனோர் பார்க்கிலும் பியர் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு எங்கள் தெருவில் கேட்கிற சத்தத்தில் கால்வாசியைக்கூட அந்த வாய்க்கால் கரையில் நான் கேட்கவில்லை. எது மரியாதையான யாவாரம் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? தெரியவில்லை. அதே நேரம், என் கோட்டு இன்னும் மணக்கிறதா என்று பைக்குள் மூக்கை விட்டுப் பார்க்கவும் தவறவில்லை.

மாலை 4.50. டோவர். ஆம்ஸ்டர்டாம் கோச் என்றதும் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு கறுப்பு நாய் எங்கள் பைகளை மணந்து மணந்து போனது. என் கோட்டு இருந்த பையில் சற்று நின்றது, பிறகு போனது. இளம் சுங்க அதிகாரி ஒருவன் மச்சானைக் கூப்பிட்டு, ஆம்ஸ்டர்டாமில் என்ன அலுவல் என்று கேட்டான்.

கடைப் பெயரைச் சொல்லிவிடப் போகிறாரே என்று நான் முருகனைக் கூப்பிட்டேன்.

மச்சான் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "என் தங்கைக்குக் கலியாணம். பேசி முடித்துவிட்டு வருகிறோம்."

அதிகாரி வாழ்த்துச் சொன்னான். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"சமையல். நல்ல இடத்தில்."

வசந்தி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தமிழுக்கு மாறினார். "என்னடி பாக்கிறாய்? பையைத் தூக்கு, கோச் விட்டிட்டுப் போகப்போறான்."

அவள் குனிந்து, தன்னுடையதை விட்டுவிட்டு என்னுடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.