பானைக்குள் மாமா

பிள்ளைகளே, கம்ப்யூட்டருக்கு எந்த பிளேயர், எந்த ஸ்பீக்கர் என்று நீங்கள் சண்டை போட்டு, பேஸ் சத்தத்தைக் கூட்டியதும் மேசை அதிர்ந்தது. எனக்கு, சாரம் என்ற ஊரில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுப் பானை ஞாபகம் வந்தது.

பிரான்சிலிருந்த என் மாமா கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். எங்கள் டேப் ரிக்கார்டரில் பாட்டு சன்னமாகக் கேட்டதால், தனி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினேன். சத்தம் கூடும் என்று, மண்பானைக் கடையில் பத்துப் பானைகளைத் தட்டிப் பார்த்து, நன்றாக முழங்கிய ஒன்றின் வாயில் அதைப் பொருத்தினேன். பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது.

அடுத்து மாமாவின் கேசட் வந்தது. போட்டதும் அம்மா முகம் சுளித்தார்.

"இன்னாடா, எங்க அண்ணன் கெணத்துல உழுந்துட்டுப் பேசுற மாதிரி இருக்குது?"

"அதாம்மா நல்ல சவுண்டு."

"உனுக்கு நல்லாத்தான் இருக்கும். ஒரு வார்த்த புரியல. புடுங்குடா அத்த!"

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டேப் ரிக்கார்டரிலேயே மறுபடி போட்டேன். "நான் சௌக்கியம்" என்றார் மாமா. அதற்கு முன்னால் மெல்ல இருமினார். பானையில் அது கேட்கவேயில்லை. அம்மா அந்த இடத்தையே மூன்று முறை போடச் சொன்னார். பிறகு வேறொரு கேசட்டைப் போட்டு ரெக்கார்டு பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மைக் பக்கம் குனிந்தார்.

"அண்ணா, இருமல் எத்தினி நாளா?"

இன்றைக்கும் ஸ்பீக்கர் வாங்கப் போனால், கடைக்காரரிடம் நான் பாட்டுப் போடச் சொல்வதில்லை. யாராவது பேசுவதைப் போடச் சொல்கிறேன்.