நான் கேட்டது வார்த்தை, கிடைத்தது பெஞ்சு

இதை எழுத அப்பா ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்: "என் பேரு மட்டும் போடாத. மீசையப் பத்தி வேணா எழுதிக்க."

அப்பா எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். எட்டு வருடமாக மாத்திரை தவறியதில்லை. கிருமி கட்டுக்குள் இருக்கிறது என்றே விழுப்புரம் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். ஆனால் போன தவக்காலத்தில் ஆளே மாறிப்போனார். திண்டிவனம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நேரம். ஆட்களுக்கு முன்னால் இறங்குகிறவர், பிடுங்கிப் போட்ட செடிமேல் படுத்துத் தூங்கினார். கைகால் சதை கரைந்தது. எதற்கெடுத்தாலும் எரிச்சல். முறுக்கி விடும் மீசை, மழை பொய்த்த பயிர்போல அங்கங்கே நின்றது.

ஒருநாள் மாத்திரை டப்பாவை அம்மாவிடம் நீட்டினார். "இதத் தின்னுகினும் இப்படித்தான் கெடக்கிறேன். இனிமே வாணாம்."

அம்மா அழுதார். நான் அழவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், விலங்கியல் பட்டதாரி. ஆகவே பேசினேன். மாத்திரையை நிறுத்தினால் கிருமி எப்படிப் பெருகும் என்று நோட்டில் படம் வரைந்து விளக்கினேன். அப்பா அந்தப் படத்தின் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டார்.

அன்று மாதா படத்தின் முன் முழந்தாளிட்டேன். "அப்பா மாத்திரையை விட்டா செத்துப்போவாரு. நான் என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுங்கம்மா" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அரைமணி நேரம் நானே பேசினேன்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி அவரை விழுப்புரம் பேருந்தில் ஏற்றினேன். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் வழக்கம்போல நானே பதில் சொன்னேன்.

"நல்லா சாப்பிடறாரா?"

"சாப்பிடறாரு சார்."

"தூக்கம்?"

"அதுக்குக் கொறைச்சலே இல்ல சார்."

"வேற தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல சார். சோர்வுக்கு மனசுதான் காரணம்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்பு யாருதும்மா?"

"அப்பாவுது சார்."

"அப்ப நீ கொஞ்சம் வெளியில உக்காரு."

கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் அப்பாவுக்கு வாய் நான்தான். பெஞ்சில் உட்கார்ந்து கோபத்தோடு ஜெபமாலை உருட்டினேன். மூன்று பத்து ஜெபம் முடிந்தும் உள்ளே அப்பாவின் குரல் ஓயவில்லை. மகள் எதிரில் சொல்லக் கூசிய ஆண்களின் சங்கதியையெல்லாம் அவர் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பும் பேருந்தில் கேட்டார்: "அந்த டப்பாவ உங்கம்மா எங்க வெச்சா?" எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு இரண்டு தடவை காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்களுக்கான ஹார்மோன் மிகவும் குறைந்திருந்தது. எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு இப்படி வருவதுண்டு, மாத்திரை தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை என்றார் மருத்துவர். அதற்குத் தனியாக ஊசி தொடங்கினார். பழைய மாத்திரையும் தொடர்கிறது. ஹார்மோன் பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவள் நான். வீட்டில் அது கண்ணில் படவில்லை.

இந்த வருட மாதா திருவிழாவில் அப்பா தேர்வடம் பிடித்தார். மீசையும் வந்துவிட்டது. அதைச் சீவ அம்மாவின் சீப்பை எடுப்பதால் தினமும் சண்டை. அந்தச் சண்டைக்காக மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

இப்போது மருத்துவமனைக்குப் போனால், யாரும் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டபின் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள். பதில் வரும்போது நாம் பேசிக்கொண்டிருந்தால் மாதாதான் என்ன செய்வார்?